பாவனை விளையாட்டுகளில் அமெரிக்கப் பள்ளியும் நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளியும்

பெரியோரின் வாழ்க்கையைக் குழந்தைகள் விளையாட்டில் நடித்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. மணலால் சிறுவீடு கட்டி மகிழ்வதைச் 'சிற்றில்' என்றும், மணலையே சோறாகச் சமைத்துப் பகிர்வதைச் 'சிறுசோறு' என்றும் பழைய இலக்கியங்கள் வழங்குகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று 'சிற்றில்' என்றே பெயர் பெற்றுள்ளது. இரப்பர்த் தோட்டத்து லயங்களில் வளர்ந்த குழந்தைகளும் இவ்வழி வந்தவர்களே. ஒருவன் கிராணியாகப் பெயர் கூப்பிட, மற்றவர் பெரட்டில் நிற்பதும், வேலியோரத்துச் செடிகளை மாணாக்கராக்கி ஒரு சிறுமி குச்சியுடன் பாடம் நடத்துவதும் அவர்தம் விளையாட்டுகள். அவ்விளையாட்டின் கருவிகள் யாவும் கண்ணெதிரே கண்ட வாழ்விலிருந்து வந்தவை. குழந்தை நடித்த பள்ளிக்கூடம், அது நாள்தோறும் சென்ற பள்ளிக்கூடமே.

இன்று சிற்றில் கணினித் திரைக்கும் கைப்பேசிக்கும் இடம் மாறிவிட்டது. ஒரு மனிதரைப் படைத்து, அவர்க்கு வீடு கட்டி, பள்ளிக்கு அனுப்பி, வேலையில் அமர்த்தி, முதுமை வரை நடத்திச் செல்லும் இவ்வகை ஆட்டங்களை வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகள் எனலாம். மணற்சிற்றிலுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. மணலில் கட்டும் வீட்டுக்கு வடிவம் தருவது குழந்தையின் நினைவு. திரையில் கட்டும் வீட்டுக்கு வடிவம் தருவது தொலைவில் உள்ள வேறொருவரின் நினைவு. அந்த வேறொருவர் பெரும்பாலும் அமெரிக்கர். ஆகவே, அவ்விளையாட்டில் வரும் பள்ளியும் அமெரிக்கப் பள்ளியாக அமைந்துவிடுகிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது, நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளியின் வாழ்வோடு எவ்வாறு மாறுபடுகிறது, தமிழாசிரியர் இதனை எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பன எண்ணத்தக்கவை.

விளையாட்டின் பிறப்பு

இவ்வகையில் உலகெங்கும் பரவியது 'தி சிம்ஸ்' என்னும் விளையாட்டு. கலிபோர்னியாவில் இருந்த மேக்சிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில் ரைட் என்பார் இதனை வகுத்தார். 1991-இல் ஓக்லாந்து குன்றுப் பகுதியில் மூண்ட பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்து போயிற்று. இழந்த வீட்டை மீண்டும் அமைக்க முற்பட்டபோது, மனிதர்க்கு எப்பொருள் எதனால் தேவையாகிறது என்னும் வினா அவருள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவே நாளடைவில் விளையாட்டாக வளர்ந்து, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2004-இலும், மூன்றாம் பதிப்பு 2009-இலும், நான்காம் பதிப்பு 2014-இலும் வந்தன. 2022 அக்டோபர் முதல் நான்காம் பதிப்பின் அடிப்படை விளையாட்டு விலையின்றிக் கிடைக்கிறது. துணைப் பகுதிகளுக்கு மட்டுமே விலை.

இவ்விளையாட்டின் மாந்தர் பேசுவது எந்நாட்டு மொழியும் அன்று. 'சிம்லிஷ்' என்னும் கற்பனை மொழி. மொழிச் சார்பு தோன்றாதிருத்தற்கு இது நல்ல வழி எனத் தோன்றும். ஆயினும், நாவில் இல்லாத அமெரிக்கா வாழ்க்கையில் இருக்கிறது. புல்வெளி சூழ்ந்த தனி வீடு, வாசலில் அஞ்சற்பெட்டி, காலையில் பிள்ளையை ஏற்றிச் செல்லும் மஞ்சள் பேருந்து என அனைத்தும் ஒரு நாட்டின் புறநகரைக் காட்டுகின்றன. மொழி கண்ணுக்குப் படும். பழக்கம் கண்ணுக்குப் படாது. ஆதலின் பழக்கத்தின் வழியே வரும் செல்வாக்கு மொழியின் வழியே வருவதினும் ஆழமாகப் பதிகிறது.

பொருள்களால் ஆன பள்ளி

இச்செல்வாக்கு எவ்வழி இயங்குகிறது என்பதை அறிய, விளையாட்டின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். முதற்பதிப்பில் ஒவ்வொரு மாந்தர்க்கும் எட்டுத் தேவைகள் வகுக்கப்பட்டன. பசி, வசதி, தூய்மை, கழிப்பு, உறக்கம், களிப்பு, பழக்கம், சூழல் என அவற்றைத் தமிழில் கூறலாம். அறையிலுள்ள ஒவ்வொரு பொருளும், தான் எந்தத் தேவையை எவ்வளவு நிறைவேற்றும் என்பதை மாந்தர்க்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பசித்தவரைக் குளிர்ப்பெட்டி அழைக்கும். சோர்ந்தவரைக் கட்டில் அழைக்கும். ஆகவே, இவ்வுலகில் செயல் என்பது பொருளைச் சார்ந்தது. எப்பொருள் வைக்கப்படவில்லையோ, அப்பொருளைச் சார்ந்த செயலும் அங்கில்லை.

பள்ளியும் இவ்வாறே பொருள்களின் தொகுப்பாக ஆகிறது. முதல் மூன்று பதிப்புகளில் பள்ளிக்குள் ஆட்டக்காரர் நுழைய முடியாது. மஞ்சள் பேருந்து வரும், பிள்ளை ஏறும், மாலையில் மதிப்பெண்ணோடு திரும்பும். மதிப்பெண் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும். முதற்பதிப்பில் பிள்ளை 'எஃப்' வரை தாழ்ந்து, அங்கேயே நின்றால், படைப்பள்ளிக்கு அனுப்பப்பட்டு வீட்டைவிட்டே நீங்கிவிடும். இரண்டாம் பதிப்பில், தலைமையாசிரியரை விருந்துக்கு அழைத்து மகிழ்வித்தால் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் இடம் கிடைக்கும்.

2022 ஜூலையில் வந்த 'ஹைஸ்கூல் இயர்ஸ்' என்னும் துணைப்பகுதியில்தான் நான்காம் பதிப்பின் பள்ளிக் கதவு திறந்தது. காப்பர்டேல் என்னும் கற்பனை ஊரில் ஒரு பள்ளி. நடைவழியில் மாணவர்க்கான உலோகப் பெட்டகங்கள்; விருப்பம்போல் உடை; ஆரவாரக் குழு; ஆண்டிறுதியில் 'ப்ராம்' என்னும் நடன விருந்து; அதில் அரசன், அரசியாக இருவர் முடிசூடல்; இறுதியில் அங்கியும் தொப்பியும் அணிந்து பட்டமேற்றல். இவையே அப்பள்ளியின் பொருள்களும் செயல்களும்.

இதனினும் தெளிவான சான்று ஒன்றுண்டு. 2023 டிசம்பரில் வெளிவந்த 'ஃபார் ரென்ட்' என்னும் துணைப்பகுதி, தென்கிழக்காசியாவைத் தழுவிய தோமராங் என்னும் ஊரைப் படைத்தது. அங்கே இரவுச் சந்தை உண்டு. நெருங்கிய குடியிருப்புகள் உண்டு. இவ்வட்டார உணவும் உண்டு. ஆயினும், தோமராங்கில் வாழும் இளைஞன் பள்ளிக்குள் சென்று படிக்க வேண்டுமாயின், அவன் செல்வது அதே காப்பர்டேல் பள்ளிக்கே. வீடு ஆசியாவிலும் பள்ளி அமெரிக்காவிலும் அமைந்த நிலை இது. உணவும் உடையும் எளிதில் இடம் மாறும். பள்ளியின் அமைப்போ மாறுவதில்லை என்பதற்கு இதுவே போதும்.

பிளோரிடாவில் தோன்றிய கேண்டிரைட்டர் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட 'பிட்லைஃப்' எழுத்தால் மட்டும் நடக்கும் ஆட்டம். எளிய கைப்பேசியிலும் ஆடலாம். அதில் ஆட்டக்காரர் பல நாடுகளுள் ஒன்றில் பிறக்கலாம். ஆனால் எந்நாட்டில் பிறந்தாலும், உயர்நிலைப் பள்ளியில் காத்திருப்பது பெரும்பாலும் அமெரிக்கத் திரைப்படங்களில் காணும் மாணவர் கூட்டங்களும், 'செல்வாக்கு' என்னும் அளவுகோலுமே.

அடையாளங்களின் வரலாறு

உலகப் பொதுவெனத் தோன்றும் இவ்வடையாளங்கள் ஒவ்வொன்றும் ஓரிடத்தில், ஒரு காலத்தில் தோன்றியவை. மஞ்சள் பேருந்து 1939-இல் முடிவானது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் பிராங்க் சைர் கூட்டிய மாநாடு, மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்தைத் தெளிவாகக் காட்டும் நிறம் எனக் கண்டு அம்மஞ்சளைத் தேர்ந்தது. ஆரவாரக் குழு 1898-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அதனைத் தொடங்கிய ஜானி கேம்பெல் ஓர் ஆடவர். எழுத்தால் மதிப்பெண் இடும் முறை 1897-இல் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் வழக்கிற்கு வந்தது. 'ப்ராம்' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வடகிழக்குக் கல்லூரிகளில் நடந்த மாலை விருந்து. பின்னரே அது பள்ளிகளுக்கு இறங்கியது. வழக்கம் எத்துணைப் பரவினும் அதற்கொரு பிறந்த ஊர் உண்டு என்பதை மாணாக்கர் அறிதல் நன்று.

தோட்டப் பள்ளியின் பிறப்பு

தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் அத்தகைய பிறந்த கதை உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைத்தலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. அக்காலத்துப் பள்ளி பெரும்பாலும் ஒரு கொட்டகை. கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராயிருந்ததும் உண்டு. 1957-இல் மலாயா விடுதலை பெற்றதையொட்டித் தமிழ்ப்பள்ளிகள் தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளிகளாகக் கல்வி அமைப்பினுள் வந்தன.

நெகிரி செம்பிலானில் இன்று ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல தோட்டத்தின் பெயரையே தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. ரந்தாவ் லின்சம், லாபு வட்டாரத்துக் கிர்பி, போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவா பெத்தோங், பகாவ் வட்டாரத்து ஜெராம் பாடாங் என அவை நீளும். இரப்பர் நீங்கிச் செம்பனை வந்த பின்னரும், தோட்டத் தொழிலில் அயல்நாட்டார் மிகுந்த பின்னரும், சிரம்பான், நீலாய்ப் பக்கங்களில் தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக மாறிய பின்னரும், தோட்டத்துக் குடும்பங்கள் நகர்ப்புறம் நோக்கி நகர்ந்தன. சில பள்ளிகளும் அவ்வாறே இடம் பெயர்ந்தன. தோட்டம் மறைந்த இடத்திலும் அதன் பெயர் பள்ளியின் பலகையில் வாழ்கிறது.

விளையாட்டில் இடம்பெறாதவை

இனி, காப்பர்டேல் பள்ளியில் இல்லாதவை யாவை எனக் காண்போர்க்குத் தோட்டப் பள்ளியின் இயல்பு விளங்கும்.

முதலாவது, காலைச் சபைக்கூடல். நாட்டுப்பண்ணும் மாநிலப் பண்ணும் பாடி, ருக்குன் நெகாரா உறுதிமொழி கூறி மாணாக்கர் வரிசையில் நிற்பர். அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் தனியொருவர் உயர்வதே கதை. வரிசையில் நிற்பதற்கு அங்கே பொருளில்லை.

இரண்டாவது, சிறிய பள்ளியின் வாழ்வு. மாணாக்கர் தொகை மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்புகளை இணைத்து ஒரே ஆசிரியர் கற்பிப்பர். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆசிரியர் அப்பிள்ளையின் தாய் தந்தையரையும் அறிவார். யார் செல்வாக்குடையவர், யார் ஒதுக்கப்பட்டவர் எனக் கூட்டம் பிரிவதற்குப் பெரும்பள்ளி வேண்டும். முப்பது பேர் பயிலும் பள்ளியில் அப்பிரிவுக்கு இடமேது?

மூன்றாவது, குடும்பத்தின் பொருள்நிலை. வறிய மாணாக்கர்க்குப் பள்ளியில் உணவு வழங்கும் திட்டம் மலேசியாவில் உண்டு. அவ்வுணவு அப்பிள்ளையின் கற்றலைத் தாங்குவது. விளையாட்டிலோ பசி என்பது குளிர்ப்பெட்டியைத் திறந்தால் தீர்வது. உழைத்தவன் உயர்வான் என்னும் ஒரே விதி அங்கே நிலவுகிறது. விடியுமுன் மரம் வெட்டப் போன தாயின் பிள்ளை தானே எழுந்து, தானே புறப்பட்டு, தம்பியையும் அழைத்துப் பள்ளி சேர்ந்த உழைப்புக்கு அவ்விதியில் மதிப்பெண் கிடையாது.

நான்காவதே இவை அனைத்தினும் பெரிது. தோட்டப் பிள்ளை ஆறாண்டு தமிழில் பயின்று, பின்னர் மலாய்மொழி வழியாக நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. பன்னிரண்டாம் வயதில் கணிதத்தின் சொற்களும் அறிவியலின் சொற்களும் ஒரே நாளில் மாறுகின்றன. மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்க்கென ஏற்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவர். பல பிள்ளைகள் உள்ளம் சோர்ந்து வாய் மூடுவதும், சிலர் வீறுகொண்டு எழுவதும் அவ்வாசற்படியில்தான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், பி.தி. மூன்று தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. இந்த மொழிப் பெயர்ச்சி நீங்கவில்லை. எல்லாரும் சிம்லிஷ் பேசும் உலகில் இத்துன்பம் தோன்ற வழியில்லை. அங்கே பள்ளி மாறுதல் என்பது கட்டடம் மாறுதல் மட்டுமே.

ஒரு பிள்ளையின் வாழ்வில் மிகக் கடினமான ஆண்டு எதுவோ, அது அப்பிள்ளை ஆடும் 'வாழ்க்கை'யில் இடம்பெறவில்லை. இது சிறு குறையன்று. தன் வாழ்வு எங்கும் காட்டப்படாதபோது, அது காட்டத் தகாதது எனக் குழந்தை கருதிவிடக்கூடும். பெட்டகம் இல்லாத பள்ளி, நடன விருந்து இல்லாத பள்ளி குறையுடைய பள்ளி எனத் தோன்றிவிடும். தன் பள்ளியின் பெயரைப் பிறரிடம் கூற நாணும் மனம் இவ்வாறே உருவாகிறது.

பிற நாட்டார் செய்தவை

அமெரிக்கப் பள்ளியைத் தவிர்த்துப் பாவனை விளையாட்டு அமைத்தல் இயலாதோ எனின், இயலும் என்பதற்குச் சான்றுகள் உள. 1994-இல் ஜப்பானியக் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'டோக்கிமேக்கி மெமோரியல்' ஜப்பானிய உயர்நிலைப் பள்ளியின் மூன்றாண்டு வாழ்வையே ஆட்டமாக்கியது. 2018-இல் சீனாவில் தோன்றிய 'சைனீஸ் பேரண்ட்ஸ்' இன்னும் பொருத்தமான சான்று. அதில் ஆட்டக்காரர் ஒரு பிள்ளையைப் பிறப்பு முதல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வரை வளர்க்கிறார். பெற்றோரின் எதிர்பார்ப்பும், பிள்ளையின் மன அழுத்தமும் அங்கே அளவிடப்படுகின்றன. அப்பிள்ளை பெற்றோராகி அடுத்த தலைமுறையை வளர்ப்பதோடு ஆட்டம் தொடர்கிறது. தம் நாட்டுப் பள்ளியின் துன்பத்தையே அவர்கள் விளையாட்டின் விதியாக்கினர்.

இந்தோனேசியாவின் சுராபாயாவில் உள்ள மோஜிக்கென் குழுவினர் 2023-இல் வெளியிட்ட 'எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட்' பாவனை விளையாட்டன்று, கதை விளையாட்டு. ஆயினும், 1990-களின் இறுதியில் ஒரு சிற்றூரில் பயின்ற இந்தோனேசிய மாணவரின் சீருடையும் தெருவும் அதில் உயிரோடு நிற்கின்றன. தமிழிலும் ஒரு முயற்சி உண்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலையும், மகன் கவின் தாய்மொழியினின்று விலகுவதையும் கூறுகிறது. அது 2024-இல் பிரிட்டிஷ் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. இட்டலியும் புட்டும் விளையாட்டின் பொருள்களாக முடியுமாயின், கரும்பலகையும் கொடிக்கம்பமும் பொங்கல் பானையும் ஆக முடியாதா?

கடன் யார்க்கும் உண்டு

இங்கு ஒரு நடுநிலைக் கருத்தையும் கூறுதல் முறை. தோட்டப் பள்ளியில் இன்று இயல்பெனக் கொள்ளும் பலவும் ஒரு காலத்தில் கடனாக வந்தவையே. சட்டாம்பிள்ளை தமிழ்த் திண்ணைப் பள்ளியின் மரபு. ஆனால் தனிச் சீருடை அணிந்த மாணவத் தலைவர், நிறத்தால் பிரிந்த விளையாட்டு இல்லங்கள், சிறுமியர் அணியும் பினஃபோர் ஆகியவை ஆங்கிலேயர் பள்ளியினின்று வந்தவை. காலப்போக்கில் அவை மலேசியப் பள்ளியின் உடைமையாயின. இடைநிலைப்பள்ளி முடிப்போர் விடுதிகளில் 'ப்ராம் நைட்' நடத்துவதும், பாலர் பள்ளிப் பிள்ளைகளும் ஆறாம் ஆண்டு மாணாக்கரும் அங்கியும் தொப்பியும் அணிந்து விடைபெறுவதும் இன்று மலேசியாவில் காணும் வழக்கங்கள். இவற்றை வெறுத்தொதுக்குதல் வேண்டுவதில்லை. ஆறாண்டு உழைத்த பிள்ளைக்கு ஒரு விழா எடுப்பது நன்றே. ஆனால் கடன் வாங்குவோர் தாம் வாங்குவது கடன் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அறிந்து கொள்வது வளர்ச்சி. அறியாமல் கொள்வது மறதி.

ஆசிரியர் செய்யத் தகுவன

விளையாட்டைத் தடுப்பதால் பயனில்லை. அதனைப் படிக்கக் கற்பிப்பதே பயன் தரும். கட்டுரை வகுப்பில் 'எம் பள்ளி ஒரு விளையாட்டானால்' என ஒரு தலைப்புத் தரலாம். மாணாக்கர் முதலில் தம் பள்ளியின் பொருள்களைப் பட்டியலிடட்டும்: மணி, கொடிக்கம்பம், சிற்றுண்டிச்சாலை, நூலக அலமாரி, நிழல்மரம். பின்னர் ஒவ்வொரு பொருளும் எச்செயலுக்கு இடம் தருகிறது என எழுதட்டும். மூன்றாவதாக, காப்பர்டேலில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிடட்டும். பொருட்பெயர், வினைச்சொல், ஒப்புமை ஆகிய மூன்று மொழிப்பயிற்சியும் இதனுள் அடங்கும்.

உயர்வகுப்பு மாணாக்கர் இன்னும் ஒருபடி ஏறலாம். எட்டுத் தேவைகளோடு ஒன்பதாவதாக எதனைச் சேர்ப்பது என வினவினால், நன்னெறிக் கல்விக்கும் அஃது ஒரு பாடமாகும். நட்பா, பெரியோர் வாழ்த்தா, தாய்மொழியா என அவர்களே வாதிடட்டும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் அதனை அட்டையிலும் தாயத்திலும் ஆடும் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். அவ்விளையாட்டில் புகுமுக வகுப்புக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அக்கட்டத்தைத் தாண்டுதற்கு என்ன உதவி வேண்டும் என்பதைப் பிள்ளைகளே எழுதுவராயின், ஆசிரியர் அறியாத பலவற்றை அறிவர்.

இதனோடு மற்றொரு கடமையும் சேர்கிறது. தோட்டங்கள் குறையக் குறைய, தோட்டப் பள்ளியின் வாழ்வை நேரில் அறிந்தோரும் குறைகின்றனர். பழைய மாணாக்கரிடம் மாணவர் சென்று, பள்ளிக்கு எவ்வழி நடந்தனர், மழையில் எங்கு ஒதுங்கினர், ஆசிரியர் எதனைப் பாடினார், மணியாக எதனை அடித்தனர் எனக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். விளையாட்டு அமைப்போர்க்கு வேண்டியவை இத்தகைய நுண்செய்திகளே. காப்பர்டேல் பள்ளி உலகெங்கும் செல்வதற்குக் காரணம் அதன் சிறப்பு மட்டுமன்று. அமெரிக்கப் பள்ளி வாழ்வு திரைப்படத்திலும் கதையிலும் பன்முறை எழுதி வைக்கப்பட்டிருந்ததும் காரணம். எழுதப்பட்ட வாழ்வே பிறரால் ஆடப்படும். லின்சத்தின் வாழ்வும் ஜெராம் பாடாங்கின் வாழ்வும் அவ்வாறு எழுதப்படும் நாளில், அவற்றைத் திரையில் அமைக்க ஒரு கை தானே வந்து சேரும். அக்கை இன்று ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பில் எழுதுகோல் பிடித்துக் கொண்டிருத்தலும் கூடும்.